கூச்ச சுபாவமுள்ள குழந்தைக்குக் கராத்தே உதவுமா?

கேள்வி:
எட்டு வயதான என் மகள், விடை தெரிந்திருந்தாலும் வகுப்பில் எழுந்து சொல்லத் தயங்குகிறாள். கராத்தே கற்றால் தன்னம்பிக்கை வளரும் என்கிறார்கள். அடிதடியில் நாட்டம் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
நான் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிப்பவன். தங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் கராத்தேயில் முதலில் தாக்குபவராக இருக்கக் கூடாது என்பது நவீன கராத்தேயின் தந்தை எனப்படும் ஃபுனாகோஷி வகுத்த நெறிகளுள் ஒன்று. அவருடைய ஆசிரியர் அங்கோ இதோசு, ஜப்பானியத் தீவான ஒகினாவாவின் பள்ளிகளில் இக்கலையைக் கற்பிக்க வேண்டுமென 1908-இல் எழுதிய கடிதத்தில் வலியுறுத்தினார். மாணவர்களுக்காக அவர் அமைத்த ‘பினான்’ எனப்படும் ஐந்து கத்தாக்கள் (வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்புகள்) இன்றும் பயிற்றுவிக்கப்படுகின்றன. கத்தா செய்யும் குழந்தை அடுத்த அசைவை நினைவில் நிறுத்தி, பார்வையைத் திருப்பி, சமநிலை குலையாமல் அடியெடுத்து வைத்து, உரிய இடத்தில் அடிவயிற்றிலிருந்து ‘கியாய்’ என்று குரலெழுப்ப வேண்டும். கூச்சமுள்ள குழந்தைகள் தொடக்கத்தில் அதை முணுமுணுப்பார்கள்; நாளடைவில் அதே குரல் கூடம் முழுவதும் ஒலிப்பதைக் கேட்கும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சி சொல்லி மாளாது.

பதில் 2:
மேற்கண்ட கருத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் தேர்ச்சி நிலையைக் காட்டும் இடுப்புப் பட்டையின் நிறத்தை மட்டுமே வளர்ச்சியின் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். பிற குழந்தைகளோடு ஒப்பிடவே வேண்டாம். சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பை முழுவதும் அமர்ந்து பார்த்து, தவறு செய்யும் குழந்தையை ஆசிரியர் எவ்வாறு திருத்துகிறார் என்பதைக் கவனியுங்கள். அவமானப்படுத்தித் திருத்தும் இடமாயின், கூச்சம் மேலும் கூடவே செய்யும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மகளையும் உடன் அழைத்துச் சென்று வகுப்பைப் பார்த்து, அவள் விருப்பத்தைக் கேட்ட பிறகே சேர்க்கிறேன்.