மறுமொழி: ரோலர் ஸ்கீ – ‘சக்கரச் சறுக்கு’ வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு,

ஸ்கீ என்பது பனியில் போகக் காலில் பூட்டும் நீளப் பலகை. பனி இல்லாதபோது அதைப் பழகச் சக்கரம் வைத்துச் செய்ததுதான் ரோலர் ஸ்கீ. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் அண்ணா எழுதியது:

> ‘சக்கரச் சறுக்கு’ என்றே எழுதிவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும் அண்ணா, ஆனால் வேறொன்றாகப் புரியும். அந்தச் சொல்லைக் கேட்டால் பிள்ளைகள் காலில் மாட்டும் ரோலர் ஸ்கேட்தான் நினைவுக்கு வரும். ரோலர் ஸ்கீ அதுவல்ல. நீளமான ஒரு தண்டு, முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். போட்டி விதிப்படி இரண்டு அச்சுகளுக்கும் நடுவே குறைந்தது 53 செ.மீ. இருக்க வேண்டும். காலணியின் முனை மட்டும் பூட்டியிருக்கும், குதிகால் எழும்பும். பெரும்பாலானவற்றில் பிரேக் கிடையாது. பனி இல்லாத மாதங்களில் ஒஸ்லோவின் ஹோல்மன்கோலன் பக்கம் வந்தால், இரு கைகளிலும் கோல் ஊன்றித் தார்ப்பாதையில் போகிறவர்களைப் பார்க்கலாம்.

‘போகிறவர்கள்’ என்று தெரிந்தேதான் எழுதினேன். நோர்வேஜிய மொழியில் ஸ்கீயில் ‘நடக்கிறார்கள்’, சறுக்குவதில்லை. இங்குள்ள போக்குவரத்து விதியும் ரோலர் ஸ்கீயில் வருபவரைப் பாதசாரியாகவே கணக்கிடுகிறது.

சரி, நடக்க முடிவது எப்படி? கால்களை முன்னும் பின்னுமாக வைத்துப் போகும் கிளாசிக் வகையில் இரண்டு சக்கரங்களில் ஒன்று முன்னோக்கி மட்டும்தான் ஓடும். என்னுடையதை மடியில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன். முன்பக்கம் தள்ளினால் சுழன்றுகொண்டே இருக்கிறது, பின்பக்கம் இழுத்தால் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால்தான் காலை உதைத்து எழும்ப முடிகிறது. பனியில் ஸ்கீயின் அடியில் பூசும் மெழுகு தரும் பிடிப்பை இங்கே இந்தச் சக்கரம் தருகிறது. இதற்கு என் பரிந்துரை ‘திரும்பாச் சக்கரம்’. சக்கரத்தை ஊரில் நாங்கள் சில்லு என்போம், ஆனால் தமிழகத்தில் அது உடைந்த துண்டு என்பதால் விட்டுவிட்டேன்.

பொருளின் பெயருக்கு வருகிறேன். ஸ்கீ என்ற சொல்லுக்குப் பழைய நோர்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டு என்று பொருள். மூங்கிலைப் பிளந்தால் வருவதை நாம் என்ன சொல்கிறோம்? பிளாச்சு! அதே பொருள், அதே வழியில் பிறந்த சொல். ஆகவே ஸ்கீ ‘பனிப்பிளாச்சு’, ரோலர் ஸ்கீ ‘உருள்பிளாச்சு’. ‘உருள்பலகை’ என்றால் ஸ்கேட்போர்டோடு மோதும்.

பராமரிப்புக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. போன கோடையில், கால்களைப் பக்கவாட்டில் உதைத்துப் போகும் ஸ்கேட்டிங் வகையில் ஒரு பழைய ஜோடி வாங்கினேன். விற்றவர் அதிகம் ஓடவில்லை என்றார். வீட்டில் சக்கரத்தின் குறுக்கே அடிக்கோலை வைத்தால் உள்விளிம்புப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கமாகவே உதைப்பதால் ரப்பர் சரிவாகத் தேய்ந்திருந்தது, நேராக நிற்கவே விடவில்லை. அவ்வப்போது கழற்றித் திருப்பிப் போட்டிருந்தால் இரு பக்கமும் சமமாகத் தேய்ந்திருக்கும். இதைச் ‘சரிவுத் தேய்வு’ என்கிறேன். வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தண்டின் கீறல்கள் அப்புறம்.

———

அன்புள்ள தம்பி,

பிளாச்சு அருமை. பனைமட்டையில் சறுக்கிய நினைவில் நான் ‘பனிமட்டை’ என்று குறித்து வைத்திருந்தேன். அது பனைமட்டையாகவே காதில் விழும், கைவிடுகிறேன்.

‘திரும்பாச் சக்கரம்’ மட்டும் இடிக்கிறது. இடம் வலமாக வளையாத சக்கரம் என்றுதான் முதலில் படித்தேன். ‘பின்னுருளாச் சக்கரம்’ என்றால் என்ன?

———

அண்ணா, நீளம்தான், ஆனாலும் செய்கிற வேலையை அப்படியே சொல்கிறது. எடுத்துக்கொள்கிறேன். சேர்த்துப் பார்த்தால் ஒரு குறிப்பு இப்படி வரும்: ‘உருள்பிளாச்சு மழையில் நனைந்தால் துடைத்துக் காயவைக்கவும். பேரிங் பக்கம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். பின்னுருளாச் சக்கரத்தை மற்றச் சக்கரத்தோடு மாற்றிப் போடக்கூடாது.’ தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது.

காலணியை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங் பாக்கி இருக்கிறது. காலணி முனையிலுள்ள கம்பியைக் கவ்விக்கொள்வதால் ‘கவ்வி’ என்று எழுதி வருகிறேன். வேறு துறையில் இச்சொல் ஏற்கெனவே புழங்குகிறதா என்று சொல்லுங்கள்.