ஆய்வுகூடத்துக்குள் 1 கிகாவாட் எப்படி வருகிறது?

தலவாக்கலை_நிலா:
கம்பஸ் செமினாருக்கு உயர்வலு மைக்ரோவேவை எடுத்திருக்கிறேன். வாசிக்கிற கட்டுரைகளில் எல்லாம் 1 கிகாவாட், 2 கிகாவாட் என்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். விக்டோரியா மின்நிலையம் முழுக்க ஓடினாலே 210 மெகாவாட்தானே, இவர்களுக்கு இவ்வளவு கரண்ட் எங்கிருந்து வருகிறது? சுவிட்ச்தான் தலைவலி என்கிறார்கள், அது ஏன்?

பேராதனை_பழசு:
தங்கச்சி, வாட்டை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். அந்த 1 கிகாவாட் வருவது 100 நானோசெக்கனுக்குத்தான் என்றால், பெருக்கினால் வெறும் 100 ஜூல். வீட்டில் இருக்கிற 800 வாட் மைக்ரோவேவ் அடுப்பே அரைக்கால் செக்கனில் அவ்வளவையும் கொடுத்துவிடும். இந்தக் கருவிகளில் மைக்ரோவேவை உண்டாக்குவது வேகமாக ஓடுகிற இலத்திரன் கற்றை, அதன் சக்தியில் ஒரு பங்குதான் மைக்ரோவேவாக மாறும், அதனால் உள்ளே ஐந்து மடங்கு போட வேண்டும் என்று வைத்தாலும் 500 ஜூல்தான், அதைச் சாதாரண பிளக்கிலிருந்து ஆறுதலாகச் சேர்க்கலாம்.

சேர்த்ததைச் சட்டென்று இறக்குவதுதான் வித்தை. 1924இல் எர்வின் மார்க்ஸ் சொன்ன சுற்றுத்தான் இன்றைக்கும்: கொள்ளளவிகளை (மின்னைச் சேர்த்துவைக்கிற கப்பாசிட்டர்களை) சமாந்தரமாக ஏற்றி, தொடராக இறக்குவது. 50 கிலோவோல்ட் ஏற்றிய 10 கொள்ளளவி என்றால் 500 கிலோவோல்டுக்குக் கிட்ட வரும். அதில் இலத்திரன் ஒளிவேகத்தில் 86 சதவீதத்தைத் தொடும்.

நுவரெலியா_ரேடியோ:
சுவிட்ச் கதையை நான் சொல்கிறேன். மார்க்ஸ் சுற்றில் சுவிட்ச் என்பது இரண்டு உலோக உருண்டை, நடுவில் வாயு, பொறி பாய்ந்தால் சுற்று மூடிவிட்டது, அவ்வளவுதான். கடல்மட்டக் காற்று மில்லிமீற்றருக்குச் சுமார் 3 கிலோவோல்ட் தாங்கும். எங்கள் ஊரில் அமுக்கம் ஐந்தில் நாலு பங்குதான், கொழும்பில் சரிசெய்த இடைவெளி இங்கே முந்திக்கொண்டு வெடிக்கும்! அதனால்தான் நைதரசனை அமுக்கி அடைத்து மூடிவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பொறிக்கும் உலோகம் கொஞ்சம் அரிபடும், வாயு பழைய நிலைக்குத் திரும்பும்வரை அடுத்த பல்ஸை அடிக்கவும் முடியாது. லெனின்கிராட் யோஃபே நிறுவனத்தில் கிரேகோவ் குழுவினர் செய்த குறைகடத்தி டயோட்கள் இதற்கு நல்ல பதில், பொறி இடைவெளி மாதிரிச் சுற்றை மூடாமல் திறக்கிற சுவிட்ச் இவை: ஓடுகிற மின்னோட்டத்தை நானோசெக்கனில் வெட்டிவிடும், அரிப்பும் இல்லை. என்ன, ஒன்று தாங்கும் வோல்ட் குறைவு, அடுக்கடுக்காக வைக்க வேண்டும்.

தலவாக்கலை_நிலா:
நன்றி அண்ணா! மைக்ரோவேவ் உண்டான பிறகு அதையே சேர்த்துவைத்து விட முடியாதா?

பேராதனை_பழசு:
முடியும். கலிபோர்னியாவில் இருக்கிற ஸ்லாக் ஆய்வுகூடத்தில் 1970களிலேயே செய்தார்கள். கிளைஸ்ட்ரான் என்கிற, மைக்ரோவேவைப் பெருக்குகிற வெற்றிடக் குழாயின் மைக்ரோவேவை உலோகக் குழிகளில் நிரப்பி, உள்ளே போகிற அலையின் அவத்தையை 180 பாகை புரட்டினால் சேர்ந்தது மொத்தமாக வெளியே வரும். பல்ஸ் சுருங்கும், உச்ச வலு கூடும். செமினாரில் இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள், அப்புறம் செய்முறை காட்டுகிறேன் என்று வீட்டு அடுப்பை மட்டும் கழற்றிவிடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கொள்ளளவி ஆளைக் கொல்லும்.