எரியவில்லை என்றால் ஆபத்தில்லையா?

நொய்யல்கரையான்:
திருப்பூர் சாயப்பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். புதிதாக வந்த சலவைத் திரவக் கேனில் ஆபத்துக் குறியே இல்லை. பி.எச். தாளை (அமிலமா, காரமா என்று காட்டும் சோதனைத் தாள்; 7-க்கு மேல் போகப்போகக் காரம் கூடும்) நனைத்துப் பார்த்தேன்: 13. கலக்கிய பையனின் மணிக்கட்டு சோப்புப் பட்டதுபோல் வழுவழுக்கிறது, எரியவில்லை என்கிறான். விட்டுவிடலாமா?

பெருந்துறைக்காரன்:
விடாதீர்கள் தம்பி! அந்த வழுவழுப்பு, தோலின் கொழுப்பே சோப்பாக மாறுவது. காரம் வலிக்காமலே உள்ளே இறங்கும். முதலில் அவன் கையைக் குழாயடியில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஈரோட்டு ஆய்வகம்:
அண்ணன் சொல்வது சரி. பி.எச். 11.5-ஐத் தாண்டினாலே, மாற்றுச் சான்று இல்லாதவரை, தோலை அரிக்கும், கண்ணைக் கெடுக்கும் என்றே வகைப்படுத்த வேண்டும். இதை உறுதிசெய்ய, பழைய முறைப்படி முயலின் கண்ணில் விட்டுச் சோதிக்கத் தேவையே இல்லை. திரவத்தை விற்றவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளின் (ரசாயனத்தின் ஆபத்துகளை விளக்கும் ஆவணம்) 2-ஆம் பகுதி (ஆபத்துகள்), 11-ஆம் பகுதி (நச்சு விளைவுகள்) இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

நொய்யல்கரையான்:
கழுவிவிட்டோம் அண்ணா. கேன்களைப் பூட்டி வைத்திருக்கிறேன். தரவுத் தாள் வராமல் திறக்கமாட்டேன்.