90-களின் யூரோடான்ஸ் அடி, கடற்கரையில் ஏன் குழம்புது?

தங்கச்சிமடம்_கீபோர்டு:
திருவிழாவுக்கு மணல்ல ஆடுற மாதிரி, 1990-93 யூரோடான்ஸ் (ஐரோப்பிய டான்ஸ் இசை) பாணியில சொந்தமா ஒரு டிராக் போடறேன். வேகம் நிமிஷத்துக்கு 128 அடி, சுருதி ஏ மைனர். ஹெட்போன்ல கச்சிதமா இருக்கு. கரையில பெரிய செட்டுல போட்டா கிக்கும் (பெரிய டிரம் அடி) பேஸும் (கீழ் சுருதி நோட்டு) ஒண்ணாக் கலந்து கொழகொழன்னு வருது. எங்க தப்பு?

தொண்டி_மிக்சர்:
தம்பி, அந்தப் பாணியோட உயிரே இடைவெளியிலதான். கிக் நாலு அடியிலயும் விழும். பேஸும் ஓபன் ஹை-ஹாட்டும் (திறந்த ஜால்ரா சத்தம்) அடிக்கு நடுவுல. 128-ல ஒரு அடி 469 மில்லிசெகண்ட், பாதி 234. கிக்கோட வால் 200-க்குள்ள அடங்கணும். பேஸ் நோட்டு 150 நீளம் போதும், அடுத்த கிக்குக்கு முன்னாடி வாயை மூடிடணும். உங்க ஏ நோட்டு 55 ஹெர்ட்ஸ். டிஆர்-909 டிரம் மெஷின் கிக்கும் 50 பக்கம்தான். நீளமா இழுத்தா ரெண்டும் மோதாம என்ன செய்யும்? கிக் விழும்போதெல்லாம் பேஸைத் தானா அமுக்கற சைட்செயின் எல்லாம் பின்னாடி வந்த பழக்கம். நோட்டை ஒழுங்கா நறுக்குங்க.

கீழக்கரை_சுதி:
பியானோவையும் பாருங்க. அந்தப் பளீர்னு வெட்டுற பியானோ, 1988-ல வந்த கோர்க் எம்1 கீபோர்டுல இருந்த சத்தம். இத்தாலிக்காரங்க அதைத் தேய்ச்சே எடுத்துட்டாங்க. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க, இல்லேன்னா அதுவும் பேஸ் மேல ஏறி உட்காரும். ஏ மைனர், எஃப், சி, ஜி கார்டுகளைச் சுத்தினாலே பாதி வேலை முடிஞ்சுது. நம்ம கணக்குல நடபைரவி ராகம். ஒப்பாரிக்கான சுரத்துல குத்தாட்டம், அதான் அதோட மயக்கம். ஆம்பளக் குரல் ராப்புக்கு எக்கோ வேண்டாம். பல்லவியில பொம்பளக் குரல் வரும்போது மட்டும் ரிவெர்பைத் (அறை எதிரொலி) திறங்க, இடமே திடீர்னு விரியும்.

மண்டபம்_மைக்செட்:
டிராக்கை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. சப் பெட்டியை (பேஸுக்கான ஸ்பீக்கர்) மேடைக்கு ரெண்டு பக்கமும் பிரிச்சு வச்சீங்களா? 60 ஹெர்ட்ஸ் அலை நீளம் 5.7 மீட்டர். ஆள் நிக்கற இடத்துலேர்ந்து ரெண்டு பெட்டிக்கும் தூரம் 2.85 மீட்டர் வித்தியாசப்பட்டா அந்த இடத்துல அடி அமுங்கிடும். நாலு எட்டு தள்ளி நின்னா நெஞ்சுல இடிக்கும். ரெண்டையும் நடுவுல, தரையோட, ஒட்டி வைங்க. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ மோனோ, ரெண்டு பக்கமும் ஒரே சத்தம். 35-க்குக் கீழ வெட்டு, அது வெறுமனே ஸ்பீக்கர் கோனை ஆட்டும். கச்சான் காத்து அடிக்கறப்போ பெட்டி காத்தை எதிர்த்துப் பார்க்கக் கூடாது. ட்ரெபிள் தலைக்கு மேல போயிடும்.

தங்கச்சிமடம்_கீபோர்டு:
பேஸை 150-க்கு நறுக்கினேண்ணே, தெளிஞ்சுடுச்சு. ஆனா மெலிஞ்சு போச்சு.

தொண்டி_மிக்சர்:
அதே நோட்டை ஒரு ஆக்டேவ் மேல, 110-ல, சா-டூத் (ரம்பப் பல் வடிவ) அலையில 6 டெசிபல் கம்மியா சேருங்க. கீழ இருக்கற 55 நோட்டைக் கூட்டாதீங்க, மறுபடி கொழகொழதான்.