மாட்டில் பிழையா, பியரில் பிழையா?

மதகடி:
2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போய்ச் சைக்கிளுக்கு மாறிய ஏழு பேர் நாங்கள். பெற்றோல் திரும்பி வந்த பிறகும் சைக்கிளை விடவில்லை. ஞாயிறு பின்னேரம் மூன்றரைக்குக் கிளிநொச்சியில் வெளிக்கிடுவோம். இரணைமடுக் குளக்கட்டில் கொஞ்ச நேரம் காற்று வாங்கி, முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, ஒரு சுருள் கச்சானும் வாங்கிக்கொண்டு ஏ9 கண்டி றோட்டு வழியே திரும்புவோம். வந்து சேர்ந்ததும் ஆளுக்கொரு பியர். வழக்கமான மதகில் குந்தியிருந்து கச்சானோடு அதை முடித்துவிட்டு, இருட்டியதும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம்.

போன ஞாயிறு அப்படிப் பிரிந்து போன பிறகு எங்களில் ஒருவர் மாட்டில் மோதி விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். "கண்டி றோட்டில் கட்டாக்காலி மாடு, கறுப்பு மாடு, கண்ணுக்கே தெரியவில்லை" என்று ஆஸ்பத்திரியில் இருந்து போனில் சொன்னார். அவர் குடித்தது ஒரு ஸ்ரோங் பியர். இப்போது குழு இரண்டாகிவிட்டது. மூன்று பேர் இனிப் பியரே வேண்டாம் என்கிறார்கள். இரண்டு பேர் பியர் இல்லாவிட்டால் சைக்கிளும் வேண்டாம் என்கிறார்கள். நான் நடுவில் நிற்கிறேன். சைக்கிள் ஓடி முடித்து ஒரு பியர் குடிப்பதில் என்ன பிழை? பிழை மாட்டிலா, பியரிலா?

இரட்டைக்கரியர்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாட்டில் பிழை. அதைவிட, மாட்டை அவிழ்த்து விட்டவனில் பிழை. நான் முள்ளியவளை. இங்கே மாரியில் தார் றோட்டு மட்டும்தான் ஈரமில்லாத இடம், சூடும் பிடிக்கும். ஊர் மாடு முழுக்க இரவில் அங்கேதான் படுக்கை. பிரதேச சபை அறிவித்தல் போடும், இரண்டு நாள் மாடு பிடிக்கும், மூன்றாம் நாள் எல்லாம் பழையபடி. அந்த மாட்டுக்காரனைத் தேடிப் பிடித்து நட்டஈடு வாங்குங்கள்.

பியரை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? சைக்கிள்தானே! மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, குடித்துவிட்டு மோட்டார் வாகனம் ஓட்டுவதைத்தான் சொல்கிறது. சைக்கிளில் மோட்டார் எங்கே இருக்கிறது? வெறியில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவன் எதிரே வருகிறவனையும் சேர்த்துக்கொண்டு போவான். சைக்கிள்காரன் விழுந்தால் அவனுடைய முழங்கால்தான் உரஞ்சும். எங்கள் அப்பு முப்பது வருசம் கள்ளுத் தவறணைக்குச் சைக்கிளில் போய் வந்தவர். அளவு கூடினால் ஏற மாட்டார், உருட்டிக்கொண்டு வருவார். அவர் சைக்கிளைக் கூட்டி வருகிறாரா, சைக்கிள் அவரைக் கூட்டி வருகிறதா என்று சொல்ல முடியாது. ஒரு நாளும் விழுந்ததில்லை.

இரவுக்கடமை:
நான் வார்டில் வேலை செய்கிறவள். "சைக்கிள்தானே", "பியர்தானே" என்ற இரண்டு 'தானே'யையும்தான் ஞாயிறு இரவுகளில் நாங்கள் தைத்து அனுப்புகிறோம்.

முதலில் பியரைப் பார்ப்போம். 625 மில்லிலீற்றர்ப் போத்தல், 4.8 சதவீதம் என்றால் அதற்குள் கிட்டத்தட்ட 24 கிராம் மதுசாரம். அதே போத்தல் ஸ்ரோங், 8.8 சதவீதம் என்றால் 43 கிராம். 33.5 சதவீதச் சாராயத்தில் 180 மில்லிலீற்றர்க் கால் போத்தலை எடுத்துப் பாருங்கள், 47 கிராம் சொச்சம். மதகில் இருந்து ஒருவர் கால் போத்தல் சாராயத்தை ஒரே இருப்பில் இறக்கினால் நீங்களே "ஏறாதே, உருட்டிக்கொண்டு போ" என்று சொல்வீர்கள். ஸ்ரோங் என்றால் மட்டும் "ஒன்றுதானே" என்கிறீர்கள். ஈரல் ஒரு மணித்தியாலத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ஆறு மணிக்குக் குடித்தது முழுதாய்ப் போக இரவு பத்து, பன்னிரண்டு ஆகிவிடும். 60 கிலோ ஆளுக்கு அந்த ஒரு போத்தலே இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் என்ற எங்கள் நாட்டு வாகன எல்லையைத் தாண்டப் போதும்.

அப்புறம் சைக்கிள். வெறியில் கார் ஓடுகிறவன் தடுமாறினாலும் கார் நாலு சில்லில் நிற்கும். சைக்கிளில் ஒவ்வொரு நொடியும் சமநிலையை ஆள்தான் பிடிக்க வேண்டும். மதுசாரம் முதலில் கை வைப்பதே அங்கேதான். விழும்போது கையை ஊன்றுவதும் பிந்திப்போகும். அதனால் முகமும் தலையும் நேரே தாரில் அடிபடும். காறை எலும்போடு தப்பியவர் அதிர்ஷ்டசாலி.

உங்கள் அப்பு உருட்டிக்கொண்டு வந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கெட்டிக்கார மனுசன். அதனால்தான் விழவில்லை.

இரட்டைக்கரியர்:
அக்கா, கிராம்கணக்கில் பியர் குடிக்க நாங்கள் என்ன பாமசியா வைத்திருக்கிறோம்? வன்னி வெயிலில் இரண்டு மணித்தியாலம் உழக்கிப் பாருங்கள், நாக்கு அண்ணத்தில் ஒட்டும். பியரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வேர்த்து விறுவிறுத்து வந்த உடம்புக்குத் தேவையானது அதுதானே.

இரவுக்கடமை:
ஒன்பது பங்கு தண்ணீர் உள்ளே போகும், மற்றப் பங்கு அதை வெளியே அனுப்பும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹோர்மோனை மதுசாரம் அடக்கிவிடும். அந்த மதகுக்குப் பின்னால் இருக்கும் பற்றைக்கு எத்தனை தரம் போய் வந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், நான் சொல்லத் தேவையில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். உப்புப் போட்ட மோர் குடியுங்கள். அதன் பிறகு ருசிக்குப் பியர் வேண்டுமென்றால் அது வேறு கதை.

ரைன்கரை:
நான் ஜெர்மனியில் இருக்கிறேன், சொந்த இடம் ஒட்டுசுட்டான். சைக்கிளையும் பியரையும் பிரிக்க முடியாது என்றால் முதலில் இந்த நாட்டுக்காரன்தான் ஒத்துக்கொள்வான். பியரும் எலுமிச்சைச் சோடாவும் பாதிக்குப் பாதி கலந்த பானத்துக்குப் பேரே ராட்லர், அதாவது சைக்கிள்காரன். 1922இல் மியூனிக்குக்குப் பக்கத்தில் ஒரு கடைக்காரரிடம் 13,000 சைக்கிள்காரர் ஒரே நாளில் வந்து இறங்கினார்களாம். பியர் முடியப் போகிறது என்று கண்டவர், விலைப்படாமல் கிடந்த சோடாவை அதற்குள் ஊற்றிச் சமாளித்தாராம். அந்தப் பேர் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது என்பதால் இதில் உப்புப் புளி கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் விசயம் நல்லது. 4.8 சதவீதம் பாதியாகிவிடும், தொண்டையும் நனையும்.

அதே ஜெர்மனியில் சைக்கிள்காரனின் இரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.6 பங்கு மதுசாரம் இருந்தால் அது குற்றம். உளவியல் மருத்துவப் பரிசோதனைக்குப் போகச் சொல்வார்கள். அதில் தவறினால் கார் ஓடும் அனுமதியும் போகலாம். ஜப்பானில் 2024 நவம்பரில் இருந்து இன்னும் இறுக்கம். மூச்சில் ஒரு லீற்றருக்கு 0.15 மில்லிகிராம் இருந்தாலே சைக்கிள்காரனுக்கு 3 வருசம் வரை சிறை, அல்லது 5 லட்சம் யென் வரை தண்டம். "மோட்டார் எங்கே" என்று அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள்.

இரட்டைக்கரியர்:
நன்றி அண்ணை, எனக்குச் சார்பாகவே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் நாட்டில் வாகனக்காரனுக்கு எல்லை ஆயிரத்துக்கு 0.8 என்ற கணக்கு. உங்கள் ஜெர்மன்காரன் சைக்கிளுக்கு அதைப்போல இரண்டு மடங்கு விட்டிருக்கிறான். அங்கே இருந்திருந்தால் அப்பு இரண்டு பிளா கள்ளு கூடக் குடித்திருப்பார்.

ரைன்கரை:
அவசரப்படாதே தம்பி. 1.6 என்பது நேராக ஓடினாலும் குற்றம் என்ற எல்லை. தள்ளாடினாலோ, விபத்து நடந்தாலோ 0.3 இலேயே வழக்கு வரும். மாட்டில் மோதியவருக்கு எது பொருந்தும் என்று நீயே சொல்.

பிளா:
எல்லோரும் லொறியில் வருகிற போத்தலைப் பற்றியே கதைக்கிறீர்கள். தலைக்கு மேலே பனை நிற்கிறது, ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் தகப்பன் சீவல் தொழிலாளி, நானும் கொஞ்சக் காலம் ஏறினவன், அதனால் சொல்கிறேன். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கருப்பணி, பூசாமல் கட்டினால் கள். சுண்ணாம்பு இருந்தால் புளிக்காது. இல்லாவிட்டால் மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கிய கள் இனிக்கும், பின்னேரம் அதே கள் ஏறும். அளவு ஒன்று, நேரம் வேறு, வெறி வேறு. இது தெரியாமல் "கள்ளுத்தானே" என்று குடித்துவிட்டு வாய்க்காலுக்குள் சைக்கிளோடு கிடந்தவர்களை நான் தூக்கி விட்டிருக்கிறேன். அந்தத் தானேயையும் அக்கா தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

இப்போது பருவம் தொடங்கிவிட்டது. இரணைமடுப் பக்கம் போகிறவர்கள் சொல்லி வைத்தால் கருப்பணி எடுக்கலாம். வேர்த்த உடம்புக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? இதை எழுதினால் பொடியன்கள் சிரிப்பான்கள் என்றும் தெரியும்.

மதகடி:
இன்று பின்னேரம் அவருடைய சைக்கிளைப் பழுது பார்க்கும் கடையில் போய்ப் பார்த்தேன். தகப்பன் ஓடிய பழைய சைக்கிள். முன் றிம் நெளிந்து கிடக்கிறது, மட்காட்டில் சாணி அப்பியபடி. நான் குனிந்து பார்த்தது டைனமோவை. அதன் தலை ரயரில் படவே இல்லை, விலகி நிற்கிறது. அதாவது அவர் லைட்டே போடவில்லை.

டைனமோ சைக்கிள் ஓடியவர்களுக்கு இது விளங்கும். அதைத் தட்டி ரயரில் பட வைத்தால் 'கிர்' என்ற சத்தத்தோடு உழக்கக் கனக்கும். நல்ல நாளிலேயே அலுப்பு, பியருக்குப் பிறகு யார் தட்டுவார்? தட்டினாலும் வேகமாகப் போனால்தான் வெளிச்சம். வளைவிலோ பள்ளத்திலோ மெதுவாக்கினால், தேவையான நேரம் பார்த்து மின்மினி ஆகிவிடும். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது இதே டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டோம். செய்தி வாசிப்பவரின் குரல் சோர்ந்தால் "டேய், உழக்கடா" என்று உள்ளே இருந்து சத்தம் வரும்.

இனி எங்கள் குழுவில் பற்றரி லைட்டும் பின்னுக்குச் சிவப்பு லைட்டும் இல்லாதவர் வரக்கூடாது என்று சொல்லப் போகிறேன். பியரைப் பற்றி இன்னும் முடிவு வரவில்லை. ஆனால் கண்டி றோட்டில் இருட்டில் கறுப்பு மாடு, லைட் இல்லை என்றால், குடிக்காதவனும் மோதியிருப்பான் என்றுதான் எனக்குப் படுகிறது.

இரட்டைக்கரியர்:
அதைத்தான் முதலே சொன்னேன். மாட்டுக்காரனைப் பிடியுங்கள்.

செவ்வரத்தை:
நான்தான் அவருடைய மனுசி. மகன் இதைக் காட்டினான். வாசித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

மதகடித் தம்பி, அவர் விழுந்தது கண்டி றோட்டில் இல்லை. எங்கள் ஒழுங்கையில், எங்கள் படலைக்கு இருபது அடி தள்ளி. குடித்தது ஒரு ஸ்ரோங்கும் இல்லை. மதகில் ஒன்று, உங்களை எல்லாம் அனுப்பிவிட்டு இன்னொன்று. இரண்டாவது போத்தலை வெறும் போத்தலாகக் கரியரில் கட்டியபடி வந்திருக்கிறார். எலும்பு முறிந்தது, றிம் நெளிந்தது, அந்தப் போத்தலில் ஒரு கீறல் இல்லை. அந்த மாடு கட்டாக்காலியும் இல்லை. எங்கள் கறுப்பி. பின்னேரம் அதைப் பிடித்துக் கட்டுவது அவருடைய வேலை. நீங்கள் ஞாயிறு ஓட்டம் தொடங்கிய நாளில் இருந்து ஞாயிறு இரவு அது கட்டப்படுவதில்லை. படலை பூட்டியிருந்தால் அதன் முன்னால் படுத்துக் காவல் இருக்கும்.

இரட்டைக்கரியர் அண்ணை, மாட்டுக்காரனைப் பிடித்து நட்டஈடு வாங்கச் சொன்னீர்கள். ஆள் கையைத் தூக்கிக் கட்டியபடி முன் விறாந்தையில்தான் இருக்கிறார். வந்து வாங்குங்கள்.

மூன்று ஏக்கர் வயல் வெட்டுக்கு நிற்கிறது. ஆறு கிழமைக்குக் கை அசைக்கக்கூடாதாம். வெட்டு மெசினுக்கு அலைவது, மூட்டை கட்டுவது, லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓடுவது எல்லாம் நானும் மகனும்தான். சைக்கிளை நிற்பாட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதை ஓடத் தொடங்கிய பிறகுதான் அவருக்குச் சீனி குறைந்தது. பியர் குடிக்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து, மாட்டைக் கட்டி, சைக்கிளை உள்ளே வைத்துவிட்டுக் குடிக்கட்டும்.

இரவுக்கடமை:
நீங்கள் எழுதியதில் ஒன்றில் மட்டும் எனக்குத் தயக்கம். வீட்டுக்கு வந்து குடித்தால் வேறு ஆளுக்கு அடி விழுகிற வீடுகளும் இருக்கின்றன. அவர்களும் எங்கள் வார்டுக்கு வருகிறார்கள். படியில் விழுந்தேன் என்பார்கள்.

செவ்வரத்தை:
தெரியும் பிள்ளை. எங்கள் ஆள் குடித்தால் நித்திரைதான். அதனால்தான் என் வீட்டுக்கு மட்டும் சொன்னேன். அந்த வீடுகளுக்கு மதகும் சரிவராது, விறாந்தையும் சரிவராது.

மதகடி:
அக்கா, மன்னிக்க வேண்டும். இரண்டாவது போத்தல் எங்களுக்குத் தெரியாது. வயல் வெட்டுக்கு நாங்கள் ஆறு பேரும் வருகிறோம், நாளைப் போனில் சொல்லுங்கள். ஓட்டத்தை விடிய ஐந்தரைக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது பார் திறந்திருக்காது. பிளா அண்ணை, அந்தக் கருப்பணி விசயத்தை இன்னும் கொஞ்சம் விபரமாகச் சொல்லுங்கள்.

இரட்டைக்கரியர்:
விடிய ஐந்தரைக்கா? அதற்கு மாட்டில் மோதுவதே பரவாயில்லை. நட்டஈட்டுக் கதையை வாபஸ் வாங்குகிறேன் அக்கா. ஆனால் ஒன்று கேட்கிறேன், இவ்வளவு பேர் இவ்வளவு எழுதியும் ஒருவரும் கேட்கவில்லை. மாட்டுக்கு என்ன மாதிரி?

செவ்வரத்தை:
அதுக்கு ஒன்றுமில்லை. இடித்தபோது எழும்பக்கூட இல்லையாம். இன்று காலையும் வழமைபோல ஒன்றரைப் போத்தல் பால் தந்தது.