12 பேனா 8 பென்சில் 3:2ன்னா மீதி 9 பேனா எங்க போச்சுன்னு கேக்குறான், என்ன பதில் சொல்ல?

சேலத்துக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். பையன் ஆறாவது, தமிழ் மீடியம். விகிதம் பாடம் ஓடிட்டு இருக்கு, நேத்து டெஸ்ட்ல பத்துக்கு மூணு வாங்கிட்டு வந்து பேப்பர பைக்குள்ளயே மறைச்சு வெச்சிருந்தான். எடுத்துப் பாத்தா, பென்சில் 18 செ.மீ, ரப்பர் 40 மி.மீ, விகிதம் எழுதுன்னு கேட்டிருக்காங்க, இவன் 18:40 போட்டு அழகா ரெண்டால வகுத்து 9:20ன்னு எழுதி வெச்சிருக்கான், சிவப்பு மையில பெரிய பெருக்கல் குறி. இன்னொண்ணு, வகுப்புல 15 பொண்ணுங்க 20 பசங்க, பொண்ணுங்களுக்கும் மொத்த பிள்ளைங்களுக்கும் விகிதம் என்னன்னா 15:20ங்கறான்.
இதெல்லாம் கூட பரவால்ல, 12:8 அ 3:2ன்னு சரியா சுருக்கிட்டு என்கிட்ட வந்து "அப்ப மீதி 9 பேனா எங்கம்மா போச்சு"ன்னு கேக்குறான். எனக்கு வாய் அடைச்சு போச்சு. புக்ல இருக்கற மாதிரி எழுதுடான்னு அதட்டி அனுப்பிட்டேன், ராத்திரி பூரா மனசு கேக்கல. யாராவது சொல்லுங்களேன்.

கலவைக்காரன்:
அக்கா, நான் கட்டட வேலை, கணக்கு வாத்தியார் இல்ல, ஆனா நாள் பூரா விகிதத்துலதான் பொழப்பு ஓடுது. பூச்சு வேலைக்கு 1:4ன்னா ஒரு பங்கு சிமெண்ட் நாலு பங்கு மணல். 5 மூட்டை சிமெண்ட் பிரிச்சா அதே அளவு மணல் 20 கொட்டணும், 5:20, ரெண்டு பக்கமும் அஞ்சால வகுத்தா 1:4. மீதி 4 மூட்டை எங்கடான்னு மேஸ்திரி கேக்க மாட்டாரு, அது செவுத்துல இருக்கு. தம்பிகிட்ட ஒவ்வொரு 3 பேனாவுக்கும் 2 பென்சில்னு வாயால சொல்ல வைங்க, 12 பேனாவையும் மூணு மூணா பிரிச்சா நாலு கட்டு, 8 பென்சில ரெண்டு ரெண்டா பிரிச்சாலும் நாலு கட்டு, அவ்ளோதான்.
அப்புறம் யூனிட் விஷயம். சிமெண்ட் மூட்டை 50 கிலோ, ஆனா கொள்ளளவு 35 லிட்டர் சுமாருக்குதான். புதுசா வந்த பையன் சிமெண்ட கிலோவுல எடுத்துகிட்டு மணல லிட்டர்ல அளந்து 1:4ன்னு போட்டான் ஒரு தடவ, கலவ கையில ஒட்டவே இல்ல, பாதிய கீழ கொட்டினோம். வரிசையும் முக்கியம்கா, 1:4 அ 4:1 ஆக்கினா வீட்டு ஓனருக்கு நெஞ்சு வலி வந்துரும்.
கான்கிரீட்டுக்கு சிமெண்ட், மணல், ஜல்லி மூணும் 1:1.5:3ன்னு ஒண்ணு உண்டு, அதுல அரை வருதேன்னு பயப்பட வேணாம், எல்லாத்தையும் ரெண்டால பெருக்கினா 2:3:6. வகுத்துதான் சுருக்கணும்னு இல்ல, பெருக்கியும் முழு எண்ணாக்கலாம்.

ஆழாக்கு பாட்டி:
தம்பி சிமெண்ட்ல சொல்லிட்டாரு, நான் மாவுல சொல்றேன் கண்ணு. எங்க வீட்ல இட்லிக்கு ஒரு படி அரிசி, ரெண்டு ஆழாக்கு உளுந்து. மருமக புதுசா வந்தப்ப 1:2ன்னு நெனச்சு ஒரு டம்ளர் அரிசிக்கு ரெண்டு டம்ளர் உளுந்து ஊறப் போட்டுருச்சு 😀 கிரைண்டர் பொங்கி வழிஞ்சு தரையெல்லாம் மாவு. படிக்கு 8 ஆழாக்கு, அப்ப 8:2, அதாவது 4:1. உம் மவன் பென்சில்லயும் இதே கோளாறுதான், செ.மீ ஒரு பக்கம் மி.மீ ஒரு பக்கம்.

சாக்பீஸ்:
பாட்டி சொன்னதுதான், 18 செ.மீ அ 180 மி.மீ ஆக்கிட்டு 180:40, ரெண்டுக்கும் மீ.பெ.கா (மீப்பெரு பொதுக் காரணி, ரெண்டையும் மீதியில்லாம வகுக்கற பெரிய எண்) 20, வகுத்தா 9:2. மீ.பெ.கா டக்குனு வரலன்னா முதல்ல பத்தால, அப்புறம் ரெண்டாலன்னு படிப்படியா வகுத்தாலும் தப்பே இல்ல. ஒரே அலகுக்கு மாத்தின பிறகு விடையில செ.மீ மி.மீ எதுவும் எழுதக் கூடாது, அதுக்கும் மார்க் போகும். வகுப்புக் கணக்குல 'மொத்த'ங்கற சொல்ல பென்சிலால வட்டம் போடச் சொல்லுங்க, 15ம் 20ம் சேந்து 35, ஆக 15:35, 3:7.
பேனா கேள்வி கேட்டான் பாருங்க, அந்தப் பையன திட்டாதீங்கம்மா, முப்பது பேர்ல ஒருத்தன்தான் அப்டி கேப்பான். நம்ம தேசியக் கொடிய காட்டுங்க. நீளத்துக்கும் அகலத்துக்கும் 3:2ன்னு விதி. மேசையில வெக்கறது 150க்கு 100 மி.மீ, விதிப் பட்டியல்ல இருக்கறதுல பெரிய அளவு 6300க்கு 4200. ரெண்டையும் சுருக்கிப் பாக்கச் சொல்லுங்க. விகிதம் எவ்ளோ இருக்குன்னு சொல்லாது, ஒண்ணுக்கு ஒண்ணு எப்டி இருக்குன்னுதான் சொல்லும்.

சேலத்துக்காரி:
எல்லாருக்கும் நன்றி. பேனாவ கட்டு கட்டா ரப்பர் பேண்டு போட்டு காட்டுனேன், "ஓ அப்ப எங்கயும் போகல"ன்னு சிரிச்சான். கொடி மேட்டர் சொன்னதும் ஸ்கேல எடுத்துட்டு போய் ஆகஸ்ட் 15க்கு வாங்கி ஜன்னல்ல சொருகி வெச்சிருந்த காகிதக் கொடிய அளந்துட்டு வந்தான். 20 செ.மீக்கு 15. 4:3 வருதாம். "கடைக்காரர் ஏமாத்திட்டாரும்மா"ன்னு இப்ப கடைக்கு கிளம்பி நிக்கிறான், எப்டி தடுக்கறதுன்னு தெரியல.