டிரெய்லருக்குக் கவர் போட்டும் மெத்தைக்கு அடியில் பூஞ்சணம், முன்மூலையில் உரசல். இந்த முறை என்ன செய்யலாம்?

ஏரிக்கரை (ஏஜாக்ஸ், ஒன்ராறியோ):

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் வாகனத்தின் பின்னால் இழுத்துக்கொண்டுபோய் உள்ளே தங்கும் 26 அடி கேம்பிங் டிரெய்லர் ஒன்று இருக்கிறது. ஃபைபர் கிளாஸ் சுவர், ரப்பர் கூரை. பாவித்த டிரெய்லராக 2022இல் வாங்கினோம். கோடையில் பிள்ளைகளோடு அல்கோன்குவின், சாண்ட்பேங்ஸ் பூங்காக்கள் என்று போய் வருவோம். மற்றக் காலம் முழுவதும் ஒரு திறந்த காணியில் நிற்கும். சுற்றிவர மரம் இல்லை, காற்று நேரே வந்து அடிக்கும்.

முதல் இரண்டு குளிர்காலமும் ஒன்றும் மூடாமல்தான் விட்டேன். போன வருடம்தான் கவர் வாங்கினேன். டிரெய்லர் 26 அடி என்பதால் 26 முதல் 28 அடி வரை என்று போட்டிருந்ததை எடுத்தேன். நன்றிதெரிவிக்கும் நாள் விடுமுறைக்குப் போய் வந்த கையோடு குழாய்கள் உறையாமல் இருக்க ஆன்டிஃப்ரீஸ் விட்டு, கூரையில் காற்றுப் போகும் வென்ட், யன்னல் எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டி, கவரைப் போட்டேன். பனி உருகி உள்ளே வந்துவிடுமோ என்ற பயத்தில் அதற்கு மேலே ஒரு நீலத் தறப்பாளும் கட்டினேன்.

ஏப்ரலில் திறந்தால் ஒரு புழுங்கல் மணம். பெரிய கட்டில் மெத்தையைத் தூக்கினேன். அடிப்பக்கத் துணியிலும் கீழே இருந்த பிளைவுட்டிலும் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். வெளியே, முன்பக்க இரண்டு மூலைகளும் மணல் கடதாசி போட்டுத் தேய்த்ததுபோல் மங்கிவிட்டன, ஸ்டிக்கர் கோடும் உரிந்துவிட்டது. கவரும் ஒரு மூலையில் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது.

கூரை ஒழுகுகிறதா? கவர் போடுவதே பிழையா? என் மகளுக்கு ஆஸ்துமா இருக்கிறது, அதனால் இந்தப் பூஞ்சணத்தைச் சும்மா விட முடியாது.

ஒட்டாவா அக்கா:

தம்பி, மகளுக்கு ஆஸ்துமா என்றால் அந்த மெத்தையைக் கழுவிக் காயவைத்துப் பார்க்காதீர்கள், எறிந்துவிடுங்கள். பிளைவுட்டைத் துடைக்கும்போது மாஸ்க் போடுங்கள், பிள்ளையைக் கிட்ட விட வேண்டாம்.

ஒழுக்கா, உள்ளேயே வேர்த்த ஈரமா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒழுக்கு என்றால் ஓரிடத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். கூரையும் சுவரும் சேரும் மூலை, யன்னல் சட்டம், கூரை வென்ட்டின் ஓரம், இந்த இடங்களில் மஞ்சள் கறை இருக்கும். விரலால் அழுத்தினால் சுவர் மெத்தென்று உள்ளே போகும். வேர்த்த ஈரம் அப்படி இல்லை. காற்றே போகாத இடமாகப் பார்த்துப் பரவலாகப் பிடிக்கும். மெத்தைக்கு அடி, அலுமாரி மூலை, சோபா பெட்டி.

வன்பொருள் கடையில் ஊசி வைத்த ஈரமானி மலிவாகக் கிடைக்கும். பிளைவுட்டில் குத்திப் பாருங்கள். 15 வீதத்துக்குக் கீழே என்றால் பயமில்லை. 20ஐத் தாண்டினால் மரம் உக்கத் தொடங்கலாம். கட்டிலடியில் மட்டும் பார்க்காமல் நான்கு மூலைகளிலும் பாருங்கள்.

இன்னொன்று. 26 அடி என்பது முன்னால் வாகனத்தில் கொழுவும் ஹிட்ச் நுனியிலிருந்து அளந்ததா, உடம்பு மட்டுமா? ஒரு டேப் எடுத்து அளந்து எழுதுங்கள். கவர் கிழிந்த இடத்துக்கு நேரே டிரெய்லரில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

கிராண்ட் ராப்பிட்ஸ்காரன்:

நான் மிச்சிகன்ல இருக்கேன், கவர் போடுறதே இல்லை. செப்டம்பர்ல கூரையைக் கழுவி, வென்ட், ஆன்டெனா சுத்தி தண்ணி போகாம அடைச்சிருக்கிற சீலன்ட் பசைல வெடிப்பு இருந்தா புதுசா விட்டுடுவேன். ரப்பர் கூரைன்னா பெட்ரோலியம் கலந்த கிளீனர் வேண்டாம், ரப்பர் உப்பிடும். மிதமான சோப்புத் தண்ணியே போதும். டயருக்கு மட்டும் வெள்ளைக் கவர். காத்து பலமா அடிக்கிற இடத்துல தொளதொளன்னு கவர் போடுறதைவிட ஒண்ணும் போடாம விடுறது மேல். தார்ப்பாய் வேண்டவே வேண்டாம்.

ஏரிக்கரை:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. மெத்தையை எறிந்தாயிற்று.

சனிக்கிழமை முழுவதும் அங்கேதான் நின்றேன். மூலைகள் எல்லாம் 9, 11, 10 என்று வந்தது. கட்டிலடியில் 17. யன்னல் ஓரம் கறை ஒன்றும் இல்லை, அழுத்தினாலும் சுவர் கல் போல நிற்கிறது. உடம்பை அளந்தேன், பின் பம்பர், ஏணியோடு சேர்த்து 22 அடி 8 அங்குலம். மிச்சம் எல்லாம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஹிட்ச். கிழிந்த இடத்துக்கு நேரே கூரைப் பீலித் தண்ணீர் விழும் பிளாஸ்டிக் மூக்கு இருக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன், கத்தி மாதிரி கூர்.

ஒட்டாவா அக்கா:

அப்போ விளங்கிவிட்டது தம்பி. உங்கள் கூரை நல்ல கூரை.

கவர்த் துணி தண்ணீர் ஒரு சொட்டும் போகாத துணி இல்லை, அப்படி இருக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் ஆவி அதன் வழியாகவும், பக்கத்தில் வைத்திருக்கும் காற்று வாய்கள் வழியாகவும் வெளியே போகவேண்டும். நீங்கள் மேலே தறப்பாள் கட்டி அந்த வழியை அடைத்துவிட்டீர்கள். ஈர உடுப்போடும் ஈரத் துவாயோடும் போய் வந்த டிரெய்லரை இறுக்கிப் பூட்டினால், அந்த ஈரம் பகல் வெயிலில் ஆவியாகி இரவுக் குளிரில் திரும்ப வேர்க்கும். மெத்தையும் பலகையும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அது காயாமல் நிற்கும். மழை உள்ளே வராதபடி கூரை வென்ட்டுக்கு மேல் குல்லா மாதிரி ஒரு மூடி விற்கிறார்கள். அதை மாட்டிவிட்டு வென்ட்டை இரண்டு விரல் அளவு திறந்தே விடுங்கள். புது மெத்தை வாங்கினால் அதைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு துவாயை மடித்து வைத்தால் மூடாமல் நிற்கும்.

உரசலுக்குக் காரணம் அந்த நாலு அடி மிச்சத் துணி. காற்றில் அது இரவு பகலாக அடித்துக்கொண்டே இருந்திருக்கும். உள்ளே தூசியும் இருந்தால் உண்மையிலேயே மணல் கடதாசிதான். பெரும்பாலான கவர்களுக்கு உடம்பின் நீளத்தைத்தான் பார்க்கவேண்டும், ஹிட்ச் சேராது. ஆனாலும் வாங்கமுன் அந்தக் கவருக்குரிய அளவு அட்டவணையைப் பாருங்கள். உங்களுக்கு 22 முதல் 24 அடி சரியாக இருக்கும்.

போடுமுன் டிரெய்லரைக் கழுவிக் காயவிடுங்கள். பீலி மூக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டுங்கள். கூரை விளிம்பு, ஏணி, வெயில் மறைப்பு ஆனிங்கின் கை, இவற்றுக்குப் பிள்ளைகள் பிடித்து நீந்தும் நுரைக்குழாய், அந்தப் பூல் நூடிலை நெடுக வெட்டிச் செருகினால் போதும். காற்றில்லாத நாளில், இரண்டு பேராகப் போடுங்கள். ஈரக் கூரை வழுக்கும், தனியாக ஏறவே வேண்டாம். நான் ஒருமுறை தனியாக ஏறி, இடுப்பில் அடிபட்டு ஒரு மாதம் படுத்தேன்.

எலி வரும், கவருக்குள் கதகதப்பு. அடியில் குழாய், வயர் போகும் ஓட்டைகளை ஸ்டீல் வூல் (இரும்பு நார்) வைத்து அடையுங்கள். கவர் போட்டிருக்கும்போது உள்ளே ஹீட்டர் போடக்கூடாது, புகை வாய் மூடிக்கிடக்கும்.

கிராண்ட் ராப்பிட்ஸ்காரன்:

அக்கா சொன்னது சரி, அளவு சரியா இருந்தா நானும் மறுக்க மாட்டேன். பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்க. சார்ஜ் இறங்கின லெட் ஆசிட் பேட்டரி உங்க ஊர் குளிர்ல உறைஞ்சு வெடிச்சிடும். முன்மூலை மங்கலை பாலிஷ் காம்பவுண்டால மெதுவா தேய்ச்சு மெழுகு போட்டா பெரும்பாலும் போயிடும். ஸ்டிக்கர் கோடு மாத்தத்தான் வேணும்.

ஏரிக்கரை (நவம்பர்):

போன கிழமை புதுக் கவர் போட்டாயிற்று. தம்பியும் நானும், ஞாயிறு காலை, ஒரு இலைகூட அசையாத நேரம். ஆறு டென்னிஸ் பந்து, ஏழு பூல் நூடில் போனது. வார்களை அடிவயிற்றுக்குக் கீழே குறுக்காக எடுத்து இறுக்கினோம். தறப்பாளை மச்சானின் விறகுக்குக் கொடுத்துவிட்டேன்.

முந்தாநாள் நல்ல காற்று. நேற்றுக் காலை போய்ப் பார்த்தேன். முன்மூலையில் உள்ளங்கையை வைத்தால் துணி உடம்போடு ஒட்டி நிற்கிறது, அசைவு இல்லை. பின் வலப்பக்க வார் ஒன்று மட்டும் தளர்ந்திருந்தது, இறுக்கினேன். கதவுப் பக்க ஜிப்பைத் திறந்து உள்ளே போய்க் கட்டிலடியில் குத்திப் பார்த்தேன், 12. ஜனவரியில் திரும்பப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.